அப்பா உட்கார்ந்த வைன் மேசை

வைன் பரிமாறுவதற்கும் பரீட்சை உண்டு என்றால் எங்கள் ஊரான ஆயர் ஈத்தாம் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். உண்டு. பத்து பெரிங்கி என்ற ஊரில் ஒரு கடற்கரை ஹோட்டலில் பரிமாறும் பெண்ணாக வேலை பார்த்த நான், தவமணி, எண்பத்தொன்பதாம் ஆண்டில் அதற்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். எந்தத் திராட்சை எந்த ஊர், எந்தக் கிளாஸ் எதற்கு, கார்க்கைச் சத்தமில்லாமல் உருவுவது எப்படி என்று தூக்கத்திலும் உளறினேன். பாஸானால் ஹோட்டலின் வைன் பொறுப்பு எனக்கு. ஃபெயிலானால் அன்றைக்கே பாங்கில் கிளார்க் வேலைக்கு நேர்முகத் தேர்வு. இது ரயில்வே கிளார்க்காக ஓய்வுபெற்ற என் அப்பா அப்புத்துரையின் உத்தரவு. நான் தோற்றதும் கையோடு கூட்டிப்போவதற்காக டை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஹோட்டல் லாபியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

எழுத்துத் தேர்வு சுலபமாக முடிந்தது. அடுத்தது செய்முறை. ஒரு மேசையில் நாலு பேர் விருந்துக்கு வந்ததுபோல் நடிப்பார்கள், நான் பரிமாற வேண்டும். அதில் விருந்து கொடுப்பவராக நடிக்க வேண்டியவர் வரவில்லை. கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மிஸ்டர் லிம் லாபிக்குப் போய், டை கட்டிய ஒரு கனவானை அழைத்துவந்து உட்காரவைத்தார்.

என் அப்பாவை.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும். விருந்து கொடுப்பவர் முதலில் ருசி பார்த்துச் சரி சொன்னால்தான் மற்றவர்களுக்கு ஊற்றலாம். அப்பாவோ மதுவைக் கையால்கூடத் தொடாதவர்.

போத்தலைக் காட்டினேன், திறந்தேன், அவர் கிளாஸில் ஒரு வாய் ஊற்றினேன்.

“சார் ருசி பாக்கிறீங்களா?” படித்த ஆங்கிலமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

“விருந்தாளிங்க சும்மா உக்காந்திருக்காங்க. நான் எப்படி முதல்ல வாய் வைக்கிறது? அவங்களுக்கு ஊத்து பிள்ளை.”

“ருசி பாக்காம ஊத்தக்கூடாது, சார்.”

“நான் இதெல்லாம் குடிக்கமாட்டேன்லா.”

லிம் பென்சிலை எடுத்தார். அப்பா இன்னும் ஒரு நிமிடம் இப்படியே அடம்பிடித்தால் போதும், நான் பாங்கில் இருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

“அப்படின்னா உங்களுக்குப் பதிலா யாரையாவது பாக்கச் சொல்லுங்க, சார். அதுக்கு ரூல்ஸ் இடம் கொடுக்குது.”

பக்கத்து நாற்காலி அம்மாள் ஆவலோடு கையை நீட்டினாள். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“நீயே பாரு” என்றார்.

அப்பா முன்னால் நான் கால்மேல் கால் போட்டுக்கூட உட்கார்ந்ததில்லை. வேறொரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, முகர்ந்து, வாயில் வைத்தேன். ருசி பார்த்ததைத் துப்புகிற வாளி எங்கோ மூலையில் இருந்தது. விழுங்கிவிட்டேன். ஜிவ்வென்று காதுவரை ஏறியது.

“எப்படி?”

“நல்லா இருக்கு, சார்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“அப்ப எல்லாருக்கும் ஊத்து.”

ஊற்றினேன். கால் தரையில் இருந்ததா என்று எனக்கே தெரியாது, ஆனால் மேசைவிரிப்பில் ஒரு சொட்டு சிந்தவில்லை. மிஸ்டர் லிம் என் தாளில் ஏதோ கிறுக்கிவிட்டு, பாஸ் என்றார்.

“அப்பா!” என்று கத்திவிட்டேன். சார் எல்லாம் பறந்துவிட்டது.

லிம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாக்கில் ஒரு சொட்டுகூடப் படாமல் எந்தத் தைரியத்தில் ஊற்றச் சொன்னீர்கள் என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா எழுந்து டையைச் சரிசெய்துகொண்டார். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, தம்முடைய ரயில்வே ஆங்கிலத்தில் சொன்னார்.

“நல்லா இருக்குன்னு என் மகள் சொன்னாளே.”