கெளுத்திக்குப் போட்ட குடல்

தவளையின் முதுகுத்தோலில் தூண்டில் முள் இறங்கியது. அது கத்தவில்லை. கால்கள் மட்டும் தூறலை உதைத்தன.

விராலுக்கு உயிரோடு வேண்டும். துடிக்காததை அது திரும்பியும் பார்க்காது. கெண்டைக்குத் தவிட்டு உருண்டை. ஆராலுக்கு மண்புழு, முள்ளின் நுனி வெளியே தெரியாமல். தையல்நாயகிக்கு யோசிக்க வேண்டியதில்லை. கைக்கே தெரியும்.

கெளுத்திக்குக் கோழிக்குடல். அதை மட்டும் அவள் தொடமாட்டாள். குடலின் வீச்சம் தண்ணீரில் வெகுதூரம் போகும். பழைய கொள்ளிடத்தில் அந்த வீச்சத்துக்கு வருவது கெளுத்தி மட்டும் இல்லை. முதலையும் வரும்.

"குடல் வேணாம் அண்ணி. புழுவே போதும்."

அண்ணி சம்பூரணம் தையலின் கணவனுக்கு அக்கா. கணவன் போன ஐப்பசியில் மஞ்சள் காமாலை கண்டு செத்தான். அன்றிலிருந்து சம்பூரணத்துக்கு ஒரே பேச்சுதான். இழவுப் பந்தலில் சொன்னாள். குழாயடியில் சொன்னாள். இப்போதும் சொன்னாள்.

"என் தம்பிய முழுங்குனவ நீ. எனக்குச் சொல்ல வந்துட்டியா?"

குடல் வாளியோடு சம்பூரணம் முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். குடலைப் பிய்த்துப் பிய்த்து வீசினாள். சிவப்பு நூல்நூலாகப் பிரிந்து போயிற்று.

மழை வலுத்தது. ஆறு முழுக்கப் புள்ளிகள். புள்ளிமேல் புள்ளி.

ஓரிடத்தில் மட்டும் புள்ளி இல்லை. அங்கே மழை தண்ணீரில் விழவில்லை. ஒரு முதுகின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

தையல் வாயைத் திறப்பதற்குள் ஆறு பிளந்தது. சம்பூரணத்தின் இடது காலை முதலை கவ்வியது. எலும்பு நொறுங்கும் சத்தம் கரைவரை கேட்டது. வாளி கவிழ்ந்தது. சம்பூரணம் கோரைப் புதரைப் பற்றிக்கொண்டாள். கோரை வேரோடு வந்தது.

அவள் கூப்பிடவில்லை. தையலைப் பார்த்தாள்.

தையல் நின்றாள். கோரை வெட்டி வழி செய்த அரிவாள் காலடியில் கிடந்தது. குனிந்தால் எட்டும். குனியவில்லை. குழாயடி, பந்தல், அத்தனை பேர் முகமும் கண்முன் வந்து போயின. முழுங்குனவ. முழுங்குனவ. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

சம்பூரணத்தின் தாடைவரை தண்ணீர் ஏறியது.

அப்போதுதான் தையல் அரிவாளை எடுத்துக் குதித்தாள்.

முதல் வெட்டு கருங்கல்லில் பட்டதுபோல் வழுக்கியது. இரண்டாவதும் அப்படியே. முதலை உருண்டது, சம்பூரணமும் கூடவே உருண்டாள். சேறும் ரத்தமும் தையலின் வாய்க்குள் போயின. மூன்றாவதைக் கண்ணில் இறக்கினாள். பிடிவரை இறக்கினாள். திருகினாள். வால் அவள் விலாவில் இறங்கியது. அவள் விடவில்லை. மறுபடி திருகினாள்.

தாடை திறந்தது.

முடியைப் பிடித்துத்தான் இழுத்து வந்தாள். முழங்காலுக்குக் கீழே கால் என்று சொல்ல ஒன்றும் இல்லை. முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். பிறகுதான் கத்தினாள். ரோட்டில் மணல் ஏற்றப் போனவர்கள் ஓடி வந்தார்கள்.

குட்டியானை வண்டியின் பின்னால் கிடத்தினார்கள். தையலின் மடியில் சம்பூரணத்தின் தலை. தார்ப்பாய்மேல் மழை அடித்தது.

"உடனே குதிச்சியே, அதான் பொழச்சுது," என்றார் கூட வந்தவர்.

தையலுக்கு விலா வலித்தது. மூச்சு விட வலித்தது.

"உடனே இல்ல," என்றாள். பிறகு குனிந்து, "நின்னேன் அண்ணி. கொஞ்ச நேரம் நின்னேன்."

சம்பூரணத்தின் உதடுகள் வெளுத்திருந்தன. கண் மட்டும் திறந்தது.

"தெரியும். பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. வலி தாங்காமல் சம்பூரணம் பக்கத்தில் இருந்த கையைக் கவ்வினாள். தையலின் கை. பற்கள் தோலைத் தாண்டி இறங்கின. ரத்தம் மணிக்கட்டில் வழிந்தது.

தையல் கையை இழுத்துக்கொள்ளவில்லை.