வைக்கோல் பெட்டி

கேமராக்காரர் படம்பிடிக்கும் கைப்பிடியைச் சுற்ற மறந்துவிட்டார். அண்ணன் பாலத்திலிருந்து முதுகுப்பக்கமாக விழுந்து, கீழே ஓடிய சரக்கு ரயிலின் வைக்கோல் பெட்டிக்குள் சரியாகப் போய்ச் சேர்ந்ததை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் கை தன்பாட்டில் நின்றுவிட்டது.

"மன்னிச்சிருங்க தம்பி," என்று அழாத குறையாக நின்றார்.

"நீங்க டிக்கெட் வாங்கிட்டுல்ல வந்திருக்கணும்!" என்றான் அண்ணன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ரயிலிலிருந்து இறங்கியபோது அவன் வலது காலை ஊன்றிய விதத்தை நான் பார்த்திருந்தேன்.

மறுபடி எடுக்க ரயிலைப் பின்னுக்குக் கொண்டுபோனார்கள். கூடாரத்துக்குள் அண்ணன், கதாநாயகிக்குப் பதிலாக விழுவதற்கு மாட்டியிருந்த கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. பஞ்சு வைத்துக் கட்டினேன்.

"வேணாம்ணே. டைரக்டர்கிட்ட சொல்லிரலாம்."

"சொல்லு. இந்தக் கவுனை மாட்டிக்க வெளிய நாலு பேரு நிக்கிறான். அப்புறம் எனக்கு எவன் வேலை தருவான்? இறுக்கிக் கட்டு குட்டி."

கதைப்படி வில்லனுக்குப் பயந்து கதாநாயகி பின்வாங்கி விழவேண்டும். முதுகைக் காட்டி நிற்பவனுக்கு ரயில் தெரியாது. எதிர் மேட்டில் நான் தூக்கிப் பிடித்திருக்கும் சிவப்புத் துணிதான் தெரியும். வைக்கோல் பெட்டி நெருங்கும்போது துணியை இறக்குவேன். அவன் வலது காலால் உந்தி விழுவான். உந்தல் குறைந்தால் பாலத்தின் விளிம்பில் இடித்துத் தலைகீழாகப் போவான்.

ரயில் வந்தது. அண்ணன் கைப்பிடிச்சுவர்மேல் ஏறினான். இடது காலில்தான் நின்றான். என்ஜின் பாலத்துக்கடியில் நுழைய, புகை அவனை மூடியது. விலகியபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நிலக்கரிப் பெட்டிகள் போயின. மரப் பெட்டிகள் போயின. வைக்கோல் மஞ்சளாகத் தெரிந்தது.

"துணியை இறக்கும்மா! இறக்கு!" டைரக்டர் கத்தினார்.

கை இறங்கவில்லை. வைக்கோல் பெட்டி பாலத்துக்கடியில் புகுந்து, என் காலடி அதிர, கடந்து போய்விட்டது.

அண்ணன் சுவரிலிருந்து மெல்ல இறங்கினான். பொய்முடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, நொண்டிக்கொண்டே என்னை நோக்கி வந்தான். முகத்தில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. கேமராக்காரர் மட்டும் இந்தமுறை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தார்.