நாற்பத்தொன்பதாம் பக்கம் வரை

வேலை கேட்டு ஏழரை மணிக்கே வந்து பள்ளி ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள் கணக்கு டீச்சர். டீச்சர் என்பது பழைய பெயர். பத்து வருடம் வேலை பார்த்த பள்ளியை இழுத்து மூடிய பின், இரண்டு வருடமாக ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். காய்ச்சல் என்று பொய் சொல்லித்தான் இன்றைக்கு லீவு. இன்னொரு நாள் வராவிட்டால் அப்புறம் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தார்.

பிரின்சிபால் அம்மா சான்றிதழ் ஃபைலைத் தொடவில்லை. ஏழாம் வகுப்பில் டெமோ கிளாஸ் எடுங்கள், பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்று ஒரு சாக்பீஸைக் கொடுத்தார்.

எது வரைக்கும் பாடம் முடிந்திருக்கிறது என்று வகுப்பில் கேட்டாள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"நாப்பத்தேழாம் பக்கம் மிஸ். நேத்து வந்த மிஸ் அதோட விட்டுட்டாங்க."

"வழக்கமா கணக்கு எடுக்கிற மிஸ் எங்கே?"

"அப்படி யாரும் இல்ல மிஸ். தினமும் புதுசா ஒருத்தங்க வருவாங்க."

அவளுடைய நோட்டை வாங்கிப் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கையெழுத்து மாறியது. வீட்டுப்பாடம் கொடுத்தது ஒருத்தி, திருத்தியது இன்னொருத்தி. பின்வரிசைக்கு யாரும் வரவில்லை. டெமோ என்ற பேரில் தினம் ஒருத்தியை ஓசியில் வேலை வாங்குகிறார்கள். சாக்பீஸை மேசைமேல் போட்டுவிட்டு நடையைக் கட்டலாம் என்றுதான் நினைத்தாள்.

பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது யாருக்கெல்லாம் புரியவில்லை என்று சும்மா கேட்டு வைத்தாள். பாதி வகுப்பு கை தூக்கியது. மனசு கேட்கவில்லை. பலகையில் வட்டம் போட்டு, நாலாகப் பிரித்து, ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள். மணி அடித்ததும் பியூன் வந்து ஏழு 'பி'க்குக் கூட்டிப் போனார். அப்புறம் 'சி'. மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது.

ஆபீஸுக்குத் திரும்பியதும், தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார் கிளார்க், தலை நிமிராமல்.

"ஆள் எடுக்கிறீங்களா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க சார்."

"நானே சம்பளத்துக்கு இருக்கிறவன்மா. என்னைக் கேட்டா?"

சொல்லிவிட்டு, பக்கத்தில் ஃபைலோடு நின்ற இளம்பெண்ணிடம் திரும்பினார். நாளைக் காலை ஏழரைக்கு டெமோ கிளாஸுக்கு வரச் சொன்னார். அவளுக்கு வாயெல்லாம் பல்.

வெளியே வந்ததும் கணக்கு டீச்சர் அவளை நிறுத்தினாள். இங்கே வந்து ஏமாறாதே என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். வாயில் வந்தது வேறு.

"ஏழு 'ஏ'ல நாப்பத்தொம்பதாம் பக்கம் வரைக்கும் முடிச்சிருக்கேன். ஜன்னலோரம் மூணு பேருக்கு இன்னும் வகுக்க வரலை. அவங்களை முதல்ல பாருங்க."

அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று வாடிப்போயிற்று.

"அப்ப வேலை உங்களுக்கே கெடைச்சிடுச்சாக்கா?" என்று கேட்டாள்.