பிப்ரவரி மாதத்துக் குப்பி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வாயும் ஓயாது. பெயர் மெஹர் பானு. 2007இல் ஊரப்பாக்கம் பக்கம் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் போஸ்ட்டாக்காக இருந்தேன். அதாவது டாக்டர் பட்டம் வாங்கியும் நிரந்தர வேலை அமையாமல், இன்னொருவர் லேபில் ஆராய்ச்சி செய்கிறவள். செம்பாக்கத்தில் எங்கள் தெருவே என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டு இருமலுக்கு மாத்திரை கேட்கும். மனுஷ நோயாளியை நான் எங்கே கண்டேன்? நான் பார்த்ததெல்லாம் ஃபிளாஸ்க்குக்குள் வளரும் செல்களைத்தான்.

யாரோ ஒரு அம்மாவின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் அவை. ஒரு மருந்து அவற்றை எப்படிக் கொல்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. இரண்டு நாளைக்கு ஒரு முறை ஹூட் முன்னால், அதாவது வடிகட்டிய காற்று வீசும் கண்ணாடிப் பெட்டியின் முன்னால், உட்கார்ந்து பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். "சாப்பிடுங்கடி, நல்லா வளருங்கடி" என்று அவற்றோடும் பேசுவேன். கட்டுரை முக்கால்வாசி எழுதியாகிவிட்டது.

ஆகஸ்ட்டில் செல்கள் சோம்பின. மைக்கோபிளாஸ்மா என்றார் எங்கள் தலைவர் சுப்பராயலு சார். மகா திருட்டுக் கிருமி அது. திரவம் கலங்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, நாங்கள் ஊற்றும் ஆன்டிபயாடிக்குக்கும் சாகாது. அது புகுந்த செல்லில் கண்ட முடிவு எதையும் நம்ப முடியாது.

யார் உள்ளே விட்டது? நான் யோசிக்கவே இல்லை. ஜூன் மாதம்தான் எட்மண்ட் டெக்னீஷியனாக வந்திருந்தார். இரும்புலியூர்க்காரர், நாற்பது வயது, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். ஒப்பந்த வேலை, செப்டம்பர் முப்பதில் புதுப்பிக்க வேண்டும். கூப்பிட்டால் ஒரு "உம்", அவ்வளவுதான். பேசாத மனுஷர்களை நான் எப்போதுமே நம்பியதில்லை.

"இவர் வந்த பிறகுதான் சார் எல்லாம் கெட்டுப்போச்சு. கை சுத்தமே கிடையாது" என்று சாரிடம் சொன்னேன். கை சுத்தத்தை நான் எங்கே பார்த்தேன்? ஒரு வேகத்தில் வாயில் வந்துவிட்டது. அதையே மெயிலாக அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். முப்பதாம் தேதியோடு எட்மண்ட்டுக்கு வேலை இல்லை என்று முடிவானது.

கிருமி எந்த வகை என்று பார்க்கப் பெங்களூருக்கு மாதிரி அனுப்பியிருந்தோம். செப்டம்பர் மூன்றாம் வாரம் பதில் வந்தது. மனிதர்களின் வாயிலும் தொண்டையிலும் குடியிருக்கும் வகையாம், எச்சில் துளியில் பரவுமாம். அன்று சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "பாத்தீங்களா, அந்த எட்மண்ட்தான்" என்று என் கணவர் அயூபிடம் ஜெயித்தவள் மாதிரி சொன்னேன்.

"இன்னா மெஹர், வாயிலேர்ந்து வர்றதா? அந்த மனுஷன் வாயே தொறக்க மாட்டாருன்னு தெனமும் நீதானே பொலம்புறே?"

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல" என்று சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார். என் டீ ஆறிக் கிடந்தது.

மறுநாள், செல்களை உறையவைத்துப் பாதுகாக்கும் நைட்ரஜன் டேங்கைத் திறந்தேன். பிப்ரவரியில், எட்மண்ட் எங்கள் வாசலை மிதிப்பதற்கு நான்கு மாதம் முன்னால், நானே உறையவைத்த குப்பி ஒன்று உள்ளே இருந்தது. அப்போது அந்தச் செல்களைத் தொட்டவள் நான் ஒருத்திதான். மாஸ்க் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் அதை உருக்கி, பக்கத்து லேபின் சுத்தமான இன்குபேட்டரில் ஐந்து நாள் வளர்த்தேன். பிறகு மரபணுவில் ஒட்டி நீலமாக ஒளிரும் சாயத்தைப் போட்டு, இருட்டறையில் இருக்கும் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சுத்தமான செல் என்றால் நடுவில் ஒரு நீல உருண்டை மட்டும் தெரியும். இதில் உருண்டையைச் சுற்றி ரவை கொட்டினதுபோலப் புள்ளி புள்ளியாகக் கிருமி இருந்தது.

யா அல்லாஹ்! நான்தான். எல்லாம் நான்தான்.

அறையில் வேறு யாருமில்லை. ஸ்லைடைக் கழுவிவிட்டால் முடிந்தது. எட்மண்ட் போய்விடுவார், ஆகஸ்ட்டுக்கு முந்தைய முடிவுகளை வைத்து என் கட்டுரை வெளியாகிவிடும். சொன்னால், பிப்ரவரியிலிருந்து செய்ததெல்லாம் குப்பை. கட்டுரை இல்லாவிட்டால் மார்ச்சுக்குப் பிறகு என் ஃபெல்லோஷிப்பும் கிடையாது.

நல்லவள் வேஷம் போட நான் தயாரில்லை. கழுவத்தான் நினைத்தேன். ஸ்லைடை எடுத்துக்கொண்டு குழாயடிக்கே போய்விட்டேன். அங்கே எட்மண்ட் என் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார். வேலை போக இன்னும் இரண்டே நாள். அந்த மனுஷன் ஒவ்வொரு பாட்டிலையும் மூன்று முறை அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

நேரே சார் அறைக்குப் போய் ஸ்லைடை மேசையில் வைத்து, உள்ளதைச் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"எட்டு மாசம் போச்சும்மா. தெரியுதுல்ல?"

"தெரியும் சார். அவர் மேல தப்பில்லைன்னு நானே எழுதித் தரேன்."

அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். எட்மண்ட்டுக்கு ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்தார்கள். என் ஃபெல்லோஷிப்பைப் பற்றி சார் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக எட்மண்ட் எதிரில் போய் நின்றேன்.

"அண்ணா, என்னை மன்னிச்சிடுங்க. ஹூட் முன்னால ஓயாம பேசினது நான். கிருமி என் வாயிலேர்ந்துதான் போயிருக்கு. தெரியாம உங்களைப் போய்..."

"தெரியும் மேடம்" என்றார்.

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"வந்த மொத வாரமே. மாஸ்க் இல்லாம உள்ளாற பாத்துப் பேசிகினே இருந்தீங்க. நான் முன்ன வேலை செஞ்ச லேப்ல இதே மாதிரி ஆயி கீது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அப்போதும்!

"அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? வாயைத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்?"

அவர் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார்.

"சொன்னேன் மேடம். மூணு வாட்டி சொன்னேன். நீங்க பேசிகினு இருந்தீங்க."