அன்று ஓடிய ஒரே டாக்சி

ஒரு பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்தியாளருக்கு ஆறு வருடமாகச் சோறு போட்டவர் ஒரு டாக்சி ஓட்டுநர். தேர்தலோ வெள்ளமோ விலைவாசியோ, கட்டுரையின் முதல் பத்தியில் அவர் பெருமூச்சு விட்டு ஒரு வரி சொல்லிவிடுவார். அப்படி ஒரு ஆளே கிடையாது. ஏழாவது மாடியில், ஹீட்டர் பக்கத்தில், உள்ளூர் டிவியைப் பார்த்தபடி செய்தியாளர் பெற்றெடுத்த பிள்ளை அவர்.

போன வாரம் பத்திரிகை ஆசிரியர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "அங்க ஒரு ஆள் எதுக்குன்னு நிர்வாகம் கேக்குது. அடுத்த கட்டுரையை வச்சுத்தான் முடிவு. தெருவுல இறங்கி எழுதுங்க."

செய்தியாளருக்குப் பயம்தான். மனைவிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை. மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். ஆனால் பயப்படுவது வேறு, ஷூ மாட்டுவது வேறு.

திங்களன்று பஸ், டாக்சி எல்லாம் வேலைநிறுத்தம். வேலைக்கு நடந்தே போய்த் திரும்பிய மனைவி, வீங்கிய கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"கீழ வாசல்லயே டிரைவருங்க நூறு பேர் உக்காந்திருக்காங்க. நாலு வார்த்தை பேசிட்டு வாங்களேன்."

"எனக்குத் தெரியாததையா அவங்க சொல்லிடப் போறாங்க?" டிவி சத்தத்தைக் கூட்டினார் மேதாவி. ஒரு மணி நேரத்தில் எழுதி அனுப்பியும் விட்டார்.

மறுநாள் காலையில் ஆசிரியர் கூப்பிட்டார்.

"முதல் பக்கத்துல போட்டுட்டேன். ஒரு வாசகர் போன் பண்ணிக் கேட்ட பிறகுதான் நானே கவனிச்சேன். முதல் பத்தியில நீங்க ஏறின டாக்சியோட டிரைவர் பெருமூச்சு விடறாரு. அஞ்சாவது பத்தியில ஊர்ல ஒரு டாக்சிகூட ஓடலைங்கறீங்க."

"சார், அது வந்து..."

"அந்த ஆளை நம்பி நான் ரெண்டு தலையங்கம் எழுதியிருக்கேன்யா!" ஆசிரியரின் குரல் உடைந்தது. "மாசக் கடைசியில குடும்பத்தோட கிளம்பி வந்துடுங்க. ஏர்போர்ட்டுக்கு அந்த டாக்சியவே கூப்பிட்டுக்கங்க."

வாசலில் மனைவி இன்றைக்கும் நடப்பதற்காக, வலிக்கும் காலை ஷூவுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

கசப்பான செய்தியையெல்லாம் இதுவரை ஓட்டுநர் வாயால்தான் சொல்லிப் பழக்கம். இதைச் செய்தியாளரே சொல்ல வேண்டியிருந்தது.