ஈஸ்டருக்கு இரண்டு தாத்தா

பேயோன் ரயில் நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்திருந்தது என் மகள் அல்ல, என் முன்னாள் மனைவியின் இப்போதைய கணவர். நாலு மாதப் பேத்தியை முதன்முதலாகப் பார்க்க, ஈஸ்டர் விடுமுறையில் பிரான்சின் வடகோடியிலுள்ள டன்கெர்க்கிலிருந்து தென்கோடிக்கு நாள் முழுக்க ரயிலில் வந்தவனுக்கு இதுதான் வரவேற்பு. அந்தக் கணவர் பெயர் ரெஜிஸ், பல் வைத்தியர். கிஸ்லேன் என்னை விட்டுவிட்டு இவரிடம் போய்ப் பத்து வருடம் ஆகிறது. சம்பந்திக்கு ஒரு முறை உண்டு, மச்சானுக்கு ஒரு முறை உண்டு. இந்த ஆள் எனக்கு என்ன முறை? நான் கையை நீட்டினேன், அவர் முத்தத்துக்குக் கன்னத்தை நீட்டினார். மூக்கும் மூக்கும் முட்டிக்கொண்டன.

"வலிச்சுதா?" என்றார்.

"பல்லு ஆடல. அதுவரைக்கும் சந்தோஷம்," என்றேன்.

வீட்டு வாசலிலேயே மகள் கொராலி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்தாள். "அபொலின் செல்லம், தாத்தாகிட்ட போறியா? போ, தாத்தாகிட்ட போ." நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் குழந்தையை என் கைகளைத் தாண்டிக் கொண்டுபோய், பின்னால் நின்ற ரெஜிஸின் தோளில் போட்டாள்.

அன்று சாயங்காலம் முழுக்க இதே கூத்து. "தாத்தா எங்கே?" என்று யாராவது கேட்டால் நான் திரும்புவேன். "தாத்தா பால் கலக்குறாரு" என்று பதில் வரும். நான் எந்தப் பாலையும் கலக்கவில்லையே என்று முழிப்பேன். மருமகனின் அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். காலியாக இருந்தது ஒரே தாத்தா இடம், அதில் அடுத்த தெருவிலேயே கிஸ்லேனோடு குடியிருக்கும் ரெஜிஸ் துண்டு போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. பொண்டாட்டி போனபோதுகூட இப்படி எரியவில்லை.

சாப்பாட்டு மேசையில் கொராலி மெல்ல ஆரம்பித்தாள். "அப்பா, அபொலின் உன்னை என்னன்னு கூப்பிடணும்? ரெஜிஸ் ஏற்கெனவே தாத்தா ஆயிட்டாரு. உனக்கு வேற ஏதாவது..."

"வேற என்ன? நான் என்ன தபால்காரனா?"

"கோவிச்சுக்காதப்பா. ரெண்டு பேரையும் ஒரே மாதிரி கூப்பிட்டா அவளுக்குக் குழம்பிடும்."

"அவளை விடு. எனக்கே குழம்புது."

"இந்த வயசுல பட்டத்துக்குச் சண்டையா, இவோன்?" என்று கிஸ்லேன் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

"திங்கக்கிழமை கெளம்புறதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு," என்றாள் மகள். யோசிக்க என்ன இருக்கிறது? பெற்ற மகளின் பிள்ளைக்கு நான்தான் தாத்தா, இந்த ஆள் வேறு பெயரைத் தேடிக்கொள்ளட்டும் என்று மேசையைத் தட்டிச் சொல்லிவிடுவதாக அப்போதே முடிவுகட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை தூறல். எங்கள் ஊரில் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைப்படி, மாதா கோயில் மணிகள் ரோமிலிருந்து பறந்துவந்து தோட்டத்தில் சாக்லேட் முட்டை போடுகிற நாள். எங்கள் வீட்டில் தேடியெடுக்க இருப்பது ஒரே குழந்தை, அதற்குப் பல்லும் இல்லை, தவழவும் தெரியாது. ஆனாலும் போட்டோ எடுக்கவேண்டுமாம். கிஸ்லேன் எங்கள் கையில் ஆளுக்கொரு கூடையைக் கொடுத்துத் தோட்டத்துக்கு விரட்டினாள். ஈரப் புல்லில் இரண்டு கிழவர்களும் முட்டை ஒளித்துவைத்தோம்.

பூந்தொட்டிக்குப் பின்னால் குனிந்த ரெஜிஸ் எழுந்திருக்கவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று நினைத்துக் கிட்டப் போனேன். மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

"கிஸ்லேன் என்னைப் போகச் சொல்லிட்டா," என்றார்.

"எங்க, கடைக்கா?" என்றேன் மண்டு மாதிரி.

"வீட்டை விட்டு. இந்த லீவு முடிஞ்சதும். கொராலிக்கு இன்னும் தெரியாது. உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டே சொன்னா."

"'மனசுல ஒண்ணும் வெச்சுக்காத'ன்னாளா?"

அவர் நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குச் சொன்னப்ப கேரட்டு."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எனக்கும் எது வந்தது என்று தெரியவில்லை. "நான் போயிட்டா அந்தக் குழந்தைக்கு நான் யாருங்க? ரத்தமா, சொந்தமா?" என்று கேட்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றார். தலையாட்டினேன். இந்தச் செய்திக்காகப் பத்து வருடம் காத்திருந்தவன் நான். வந்தபோது சந்தோஷத்தை உள்ளே தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

திங்கட்கிழமை மதியம் ஆட்டுத்தொடை வறுவல். சாப்பிட்டதும் எனக்கு ரயில். கொராலி கேட்டாள்: "முடிவு பண்ணிட்டியாப்பா?"

சொல்லவேண்டியது எல்லாம் தயாராக இருந்தது. வாயைத் திறந்தால் வேறு ஏதோ வந்தது. "தாத்தா அவர்தான். எங்க இருந்தாலும் அவர்தான். என்னை இவோன்னு பேர் சொல்லிக் கூப்பிடட்டும்."

கிஸ்லேனின் கத்தி நின்றது. என்னைப் பார்த்தாள், ரெஜிஸைப் பார்த்தாள். அவர் தட்டுக்குள் தலையைப் புதைத்திருந்தார். மகளின் முகம்தான் சுருங்கிப்போயிற்று.

"நீ சண்டை போடுவேன்னு நெனச்சேன்," என்றாள். "அவ உனக்கு வேண்டாமாப்பா?"

"வேணும்டி. ரொம்ப வேணும்."

"அப்புறம் ஏன் விட்டுக்கொடுக்கற?"

எப்படிச் சொல்வேன்? சொன்னால் அவர் மானம் போகும், சொல்லாவிட்டால் என் மகள் போய்விடுவாள் போலிருந்தது. "தெரியலம்மா," என்றேன். அதில் பாதி உண்மை.

விருட்டென்று எழுந்து உள்ளே போனாள். போச்சு என்று நினைத்தேன். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையோடு வந்து, என் மடியில் கிடத்தினாள். "ட்ரெயின் போனாப் போகட்டும். நாளைக்குப் போயிக்கலாம்," என்றாள்.

அபொலின் கண்ணைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். வீடே அதிர ஒரு கூச்சல். எதிரே ரெஜிஸின் கைகள் தாமாக எழுந்தன. எழுந்தவற்றை அவரே இறக்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"கையை ஏன்யா இறக்குற?" என்று கத்தினேன். மரியாதை எங்கே போயிற்றோ. "வா, வந்து இவளை எப்படிப் புடிக்கணும்னு சொல்லு."

நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். தோளில் போடச் சொன்னார், முதுகில் தட்டச் சொன்னார், ஒரு கையை அவரும் கொடுத்தார். அழுகை நின்றது. யாருக்காக நின்றது என்று தெரியாமல் இருவரும் முழித்துக்கொண்டிருந்தோம்.