நானும் இதைத்தான் போடுறேன்

அழகுசாதனக் கடையின் முதல் மாடியில், ஆண்களின் தலைமுடிச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தவர் ஒவ்வொரு முறை பொய் சொன்னபோதும் அவர் தலையிலிருந்து ஒரு முடி கிளம்பி, எதிரே நின்றவர் தலையில் போய் உட்கார்ந்தது. எல்லாப் பொய்க்கும் அப்படி நடக்கவில்லை. மனைவியிடம் சொன்னதற்கெல்லாம் நடந்திருந்தால் கல்யாணமான முதல் வருடமே மனிதர் மொட்டை. "நானும் இதைத்தான் போடுறேன்" என்ற ஒரே ஒரு பொய்க்கு மட்டும்தான். அதுகூட அவர் கண்டுபிடித்தது அல்ல. முடி கொட்டிய யார் வந்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் சாமானைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது மேலாளர் போட்ட சட்டம். அடர்ந்த சுருட்டை முடி இருந்ததால்தான் அவரை அங்கே நிறுத்தியிருந்தார்கள். கடையில் அவருக்குக் காட்டுக்காரர் என்றே பெயர். உண்மையில் அவர் தன் தலைக்குப் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் போட்டதில்லை.

முதல் முடி ஒரு தையல்காரருக்குப் போனது. அவருக்கு நெற்றிக்கு மேலே வெறிச்சோடிக் கிடந்தது. மிச்சமிருந்த செம்பட்டை முடிகளுக்கு நடுவே கரேலென்று ஒரு சுருட்டை முடி வந்து நின்றது. இரண்டு வாரம் கழித்து அவர் திரும்பி வந்து, காட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, இன்னொரு ஜெல் டப்பாவும் வாங்கிப் போனார். ஒரு முடிதானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கண்ணாடி முன்னால் நின்று ஏங்கியவருக்குத்தான் அதன் அருமை தெரியும். பிறகு பஸ் டிரைவர், பள்ளிக்கூட குமாஸ்தா, ஒரே நாளில் வந்து யாருக்கு நல்ல முடி கிடைத்தது என்று சண்டை போட்ட அண்ணன் தம்பி என்று பதினோரு வருடம் ஓடிப்போனது. பில் போடும் அம்மா, முடி கிளம்புகிற நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுவார். வழி தவறி வேறு யார் தலைக்காவது போய்விட்டால் யார் பதில் சொல்வது?

பன்னிரண்டாம் வருடம் காட்டில் மரமே இல்லை. உச்சந்தலை பளபளத்தது. மேலாளர் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் முடியுள்ள வேறு ஆளைப் போடப்போவதாகச் சொல்லிவிட்டார். "ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தீங்களே, இப்ப வேலை போச்சுன்னா ரெண்டு பேரும் எதைச் சாப்பிடறது?" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். மனிதருக்கு அந்த வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது, தெரிந்துகொள்கிற வயதும் தாண்டிவிட்டது.

அன்றுதான் முதன்முதலாக, தான் விற்ற சாமான்களைத் தன் தலையிலேயே போட்டுப் பார்த்தார். ஜெல்லைத் தடவியதும் இருந்த நாலு முடியும் ஈரம் பட்டதுபோல் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, நடுவில் மண்டை பளிச்சென்று தெரிந்தது. அட பாவி, இதையா பதினோரு வருடமாகத் தையல்காரர் தலையில் கட்டினோம் என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்துப் போட்ட வாக்ஸின் பாரம் தாங்காமல் மத்தியானத்துக்குள் எல்லாம் படுத்துவிட்டது. கடைசியில் அடித்தட்டில் யாரும் சீண்டாமல் கிடந்த, மினுமினுப்பே இல்லாத, கிளே என்ற களிமண் பசை டப்பாவை எடுத்தார். தலையை முக்கால்வாசி உலர்த்திவிட்டு, பட்டாணி அளவு மட்டும் எடுத்து, உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, வேரிலிருந்து மேலே தூக்கிவிட்டார். முடி கூடவில்லை, ஆனால் இருந்தது நிமிர்ந்து நின்றது. மறுநாள் அதே டப்பாவை ஒருவரிடம் நீட்டி, "நானும் இதைத்தான் போடுறேன்" என்றார். பில் போடும் அம்மா வழக்கம்போல் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஒரு முடியும் அசையவில்லை.

அதற்குப் பிறகு மனிதர் சும்மா இருக்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம், இது முடியை வளர்க்காது, இருப்பதை நன்றாகக் காட்டும், அவ்வளவுதான் என்று பட்டென்று சொன்னார். பழைய வாடிக்கையாளர்களைத் தேடிப் போய் மன்னிப்பும் கேட்டார். "அந்த ஜெல்லை விட்டுடுங்க, தப்பாக் கொடுத்துட்டேன். உங்க தலையில வந்த முடிகூட ஜெல்லால வரலை, அது என்னோடது" என்று தையல்காரரிடம் சொன்னபோது, அவர் ஊசியில் நூல் கோர்த்தபடியே, "தெரியுங்க. எங்க பரம்பரையிலேயே யாருக்கும் சுருட்டை கிடையாது" என்றார்.

மாதக் கடைசி நாள் வந்தது. வேறு கிளையிலிருந்து வந்த புது ஆள், சீப்பு நுழையாத அளவு முடியோடு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றார். காட்டுக்காரர் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, மாடிப்படியில் பன்னிரண்டு பேர் ஏறி வந்தார்கள். எல்லோரும் பழைய வாடிக்கையாளர்கள். புது ஆள் வாங்க வாங்க என்று டப்பாவை நீட்ட, ஒருவரும் கை நீட்டவில்லை. "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். பாவம், இவருக்கு இவ்வளவு முடி இருக்கு, இவருக்கு என்ன தெரியும்? எங்களுக்கு அவர்தான் வேணும்" என்றார் தையல்காரர். பிறகு காட்டுக்காரர் பக்கம் திரும்பி, "உங்களாலதாங்க நான் தலை நிமிர்ந்து நடக்கறேன்" என்றார். சொன்ன வாய் மூடுவதற்குள் அவர் தலையிலிருந்து ஒரு செம்பட்டை முடி கிளம்பி வந்து காட்டுக்காரர் உச்சியில் உட்கார்ந்தது.

"ஐயோ, வேண்டாங்க! உங்களுக்கே பத்தாது!" என்று பதறிப்போனார் மனிதர். யார் கேட்டார்கள்? இந்த முறை பொய்க்கல்ல, மனதாரச் சொன்ன நன்றிக்கு. டிரைவர் நன்றி சொன்னார், ஒரு நரைமுடி வந்தது. குமாஸ்தா சொன்னார், அண்ணன் தம்பி இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று எந்தப் பெரிய மனிதர் சொல்லி வைத்தாரோ, அவர் அன்று அந்த மாடியில் இல்லை. எண்ணி எண்ணி வாருகிற தலைகளிலிருந்து ஆளுக்கொன்றாக வந்தது. காட்டுக்காரர் டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, குழந்தை மாதிரி அழுதார். மேலாளர் "சரி சரி, வழியை மறைக்காதீங்க" என்று சொல்லி, புது ஆளைச் சோப்புப் பகுதிக்கு அனுப்பினார்.

காட்டுக்காரர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். முடிவெட்டுபவர் அந்தப் பன்னிரண்டையும் பார்த்து ஆச்சரியப்படவில்லை. எந்தப் பக்கம் வகிடு எடுப்பது என்று மட்டும் கேட்டார். காலையில் கிளேயைத் தேய்த்துக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்: "மெதுவா வாருங்க, டிரைவர் அண்ணன் முடி அங்கதான் இருக்கு."